கல்லறை இல்லாத சாது

புசல்லாவையில் எங்கள் லயத்துக் காம்பிராவில், அம்மாவின் வேதாகமத்துக்குள் காவியுடை அணிந்த சாது சுந்தர் சிங்கின் படம் இருந்தது. 1977 கலவரத்துக்குப் பின் கிளிநொச்சிக்குப் போனபோதும், 2009இல் முகாமுக்கு வந்தபோதும் அது எங்களோடு வந்தது. தம்பி மட்டும் வரவில்லை.

சாது 1889இல் பஞ்சாபின் ராம்பூரில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் தாயை இழந்த கோபத்தில் வேதாகமத்தை எரித்தவர், 1904 டிசம்பரில் கிறிஸ்துவின் தரிசனம் கண்டதாகச் சொன்னார். வீட்டார் ஒதுக்கினார்கள். 1905இல் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்று, காவி உடுத்தி ஊர் ஊராக நடந்தார். 1918இல் இலங்கைக்கும் வந்தார். வானதூதர்களோடும் மரித்த பரிசுத்தவான்களோடும் பேசியதாக அவர் சொன்ன தரிசனங்கள் 1926இல் நூலாயின. அவர் சொன்னவற்றை ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் நம்ப மறுத்தார்கள். வேறு சிலர் அவருக்காக வாதாடினார்கள்.

1929 ஏப்ரலில் திபெத்துக்குப் புறப்பட்டார். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

நானும் என் விசுவாசத்தைச் சொந்தச் செலவில் சிறு நூலாக அச்சிட்டு, லயம் லயமாகக் கொண்டுபோய் விற்கிறேன். தூதனைக் கண்டீர்களா என்று கேட்கிறார்கள். முகாமில் தன் பங்குத் தண்ணீரை எங்களுக்குத் தந்த பெண்ணைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்பேன்.

முதற் பக்கத்தில் தம்பியின் பெயர். அதற்கு முன் அமரர் என்று போட அம்மா விடவில்லை.