அட்டவணை தந்த எட்கார்

வங்கியில் கணக்கு எண்ணைச் சொன்னதும், இருப்பு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது அல்லவா? அதற்கு வழி வகுத்தவர் எட்கார் காட்.

இங்கிலாந்தில் போர்ட்லண்டு என்ற தீவில், 1923-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி பிறந்தார். ஏழு குழந்தைகளில் இவர் கடைக்குட்டி. ஆக்ஸ்போர்டில் கணிதம் படித்தார். உலகப் போரில் விமானம் ஓட்டினார். 1949-ல், அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் சேர்ந்தார்.

பெரும்பாடு

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பது பெரும்பாடு. ஒரு விவரம் வேண்டுமானால், அது எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போய் எடுப்பது என்பதை எல்லாம் புரோகிராம் எழுதுகிறவர் சொல்ல வேண்டும். வைத்த முறையை மாற்றினால், புரோகிராமையும் திருத்த வேண்டும்!

1970-ல் எட்கார் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லா விவரங்களையும் அட்டவணைகளாக வைக்கலாம் என்றார். கடைக்காரர், வாடிக்கையாளர் பெயர்களை ஓர் அட்டவணையிலும், அவர்கள் வாங்கிய சரக்குகளை இன்னோர் அட்டவணையிலும் எழுதுகிறார். வாடிக்கையாளர் எண் இரண்டையும் இணைக்கும். என்ன வேண்டும் என்று கேட்டால் போதும். தேடி எடுப்பது கம்ப்யூட்டரின் வேலை.

கம்பெனி தயங்கியது

ஐ.பி.எம்.முக்குப் பழைய முறையிலேயே நல்ல வருமானம். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. எட்கார் சும்மா இருப்பாரா? வாடிக்கையாளர்களிடமே போய் எடுத்துச் சொன்னார்.

கட்டுரையோ உலகம் அறிய அச்சாகிவிட்டது. அதைப் படித்த லாரி எல்லிசன், கூட்டாளிகளோடு கம்பெனி தொடங்கி, 1979-ல் ஆரக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஐ.பி.எம். 1981-ல்தான் விற்றது. வீட்டுப் பிள்ளையின் யோசனை, அடுத்த வீட்டில் முதலில் பணம் ஆயிற்று!

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கர் குழுவினர், இதே யோசனையில் இங்கிரஸ் என்பதைச் செய்தார்கள். எழுதிய புரோகிராமையே பிறருக்குச் சொற்பக் கட்டணத்தில் கொடுத்தார்கள். அதன் வழியில் வந்தது போஸ்ட்கிரஸ். இன்று அது இலவசம். யாரும் திருத்திக்கொள்ளலாம்.

எதை எடுப்பது?

விலைக்கு வாங்கினால் லைசென்சுப் பணம் கட்ட வேண்டும். பழுது வந்தால் கேட்பதற்குக் கம்பெனி உண்டு. ஆனால் கட்டணத்தை ஏற்றினால், விட்டு வெளியேறுவது எளிதல்ல. இலவசத்துக்கு லைசென்சுப் பணம் இல்லை. கவனிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். ஆள் இல்லாத கடையில் இலவசமும் செலவுதான். தேர்ந்த ஆட்கள் உள்ள கம்பெனிக்கு அதுவே லாபம்.

இரண்டிலும் இருப்பது எட்காரின் அட்டவணைதான். ஆகவே ஒன்றைவிட்டு மற்றொன்றுக்கு மாற வழி உண்டு, சிரமமும் உண்டு.

13 விதிகள்

1981-ல் எட்காருக்கு டூரிங் பரிசு கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையில் அதுதான் மிகப் பெரிய பரிசு.

பிறகு, சில கம்பெனிகள் பழைய சரக்குக்குப் புதுப்பெயர் ஒட்டி விற்றன. எட்காருக்கு இது பிடிக்கவில்லை. உண்மையான அட்டவணை முறை எது என்று கண்டுகொள்ள, 1985-ல் விதிகள் வகுத்தார். 12 விதிகள் என்று பெயர். எண்ணினால் 13! பூஜ்யத்தில் இருந்து எண்ணினார்.

2003-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, புளோரிடாவில் எட்கார் காலமானார். அப்போது அவருக்கு வயது 79.