கடல் கடந்து கேட்ட பட்டம்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் மாமல்லபுரம். அலை மோதும் கரையில் நிமிர்ந்து நிற்கிறது கடற்கரைக் கோயில். அதை எழுப்பியவன் யார்? இராசசிம்மன் எனும் இரண்டாம் நரசிம்மவர்மன், பல்லவ வேந்தன்!

அமைதியில் வளர்ந்தவனல்லன் அவன். தந்தை பரமேசுவரவர்மன் நாளில் சாளுக்கியன் காஞ்சிக்குள் புகுந்தான். பெருவளநல்லூரில் பல்லவர் படை திருப்பித் தாக்கிற்று. நாடு மீண்டது, நாட்டுக்கு உரியவர் யார் என்ற வழக்கு மட்டும் ஓயவில்லை.

மகன் முடிசூடினான். வாள் ஓய்ந்தது, உளி பேசிற்று. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் அவன் பொறித்த பட்டப்பெயர்கள் இருநூறுக்கு மேல்!

இத்தனை பட்டம் இருந்தும் 720-இல் சீனத்துக்குத் தூது அனுப்பினானே, ஏன்? அராபியரையும் திபெத்தியரையும் எதிர்க்க யானைப்படையும் குதிரைப்படையும் தருவதாகத் தாங் பேரரசருக்குச் சொல்லி அனுப்பினான். படைக்குப் பெயர் கேட்டான். கோயிலுக்கும் பெயர் கேட்டான். இரண்டும் வந்தன, தென்னிந்திய மன்னன் என்ற பட்டமும் வந்தது.

நம்மை நாமே வேந்தர் என்றால் முழக்கம். பிறநாட்டான் சொன்னால் சான்று! இதை அறிந்தவன் இராசசிம்மன்.

ஆனால் தோழர்களே, சான்றுக்கும் விலை உண்டு. காஞ்சிக் கல்லில் அவன் எவருக்கும் அடங்காத கோமான்; சீனத்து ஏட்டிலோ காணிக்கை கொணர்ந்தோர் வரிசையில் ஒருவன். தூது ஒன்று; கணக்கு இரண்டு!

இன்றும் அதே கதைதான். தைவானுக்கு அரசு உண்டு, படை உண்டு, நாணயம் உண்டு. ஆனால் 1971 அக்டோபர் 25-இல் ஐ.நா. மன்றத்தில் சீனத்தின் இருக்கை பெய்ஜிங்குக்குப் போயிற்று. ஒலிம்பிக் களத்தில் தைவான் வீரன் ஓடுவது சீனத் தைபே என்ற பெயரில்! பெயர் தருபவன் கையில் பிடி இருக்கிறது.

இராசசிம்மன் மறைந்தபின் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். சீனத்துப் பட்டம் தடுத்ததா? இல்லை! ஆயினும் கயிலாசநாதர் கோயிலைக் கண்டவன், அதன் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பித் தந்தான்; அதைக் கன்னடத்தில் தூணிலும் வெட்டி வைத்தான். கேளாமலே பகைவன் தந்த சான்று அது!

2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தார். அவரை வரவேற்றது தாங் பேரரசர் தந்த பட்டமன்று. பெயர் தெரியாத நம் கல்தச்சர்கள் செதுக்கிய கோயில். தோழர்களே, அடுத்த முறை அக்கரைக்குச் செல்லும்போது அந்தக் கைகளையும் நினைப்போம்!