சக்தியின் நாணயத்தைக் கண்டவர்

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவிகளின் குறிப்புக் கொப்பிகளில் ஏ.ரி.பி. என்ற மூன்று எழுத்துகளுக்குப் பஞ்சமில்லை. அடினோசின் திரிபொஸ்பேற்று என்ற அந்த மூலக்கூறைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் நமது அயல்நாட்டில் பிறந்து சென்னையில் கல்வி கற்றவர். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12 ஆம் திகதி ஆந்திராவின் பீமவரத்தில் அவர் பிறந்தார். வீட்டில் வறுமை. படிப்பிலும் ஆரம்பத்தில் அவர் மிளிரவில்லை. மெற்றிக்குலேசன் பரீட்சையில் இரு தடவைகள் தோற்றார். தாயார் விடவில்லை, மகனைத் தொடர்ந்து படிக்க வைத்தார். மூன்றாம் தடவை சித்தியடைந்த அவர், பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அங்கே கதராடை அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் முழுமையான மருத்துவப் பட்டத்துக்குப் பதிலாகத் தரம் குறைந்த சான்றிதழே கிடைத்தது.

இதற்கிடையில் அவரது அண்ணனை ஸ்புரூ என்னும் வயிற்று நோய் பலிகொண்டது. பின்னர் சுப்பாராவ் அமெரிக்கா சென்றார். பொஸ்டனில் வைத்தியசாலையொன்றில் இரவு வேலை செய்துகொண்டே ஹாவாட் பல்கலைக்கழகத்தில் கற்றார்.

தசை சுருங்குவதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்பது அக்காலத்தில் பெரும் கேள்வியாக இருந்தது. அதற்கு இலற்றிக் அமிலமே காரணம் என்று நம்பினார்கள். சுப்பாராவும் அவரது ஆசிரியர் சைரஸ் ஃபிஸ்கேயும் 1927 இல் தசையில் பொஸ்போகிரியேற்றினைக் கண்டார்கள். தசை இயங்கும்போது அது குறைந்தது; ஓய்வில் மீண்டும் உருவானது. 1929 இல் ஏ.ரி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் ஜேர்மனியில் கார்ல் லோமனும் அதைத் தனியாகக் கண்டறிந்தார்.

இக்கண்டுபிடிப்பின் பெறுமதி பின்னர்தான் முழுமையாக விளங்கியது. செங்கலடி வயலில் நிற்கும் நெற்பயிரின் பச்சையம் சூரிய ஒளியை உறிஞ்சுகிறது. அந்தச் சக்தி முதலில் ஏ.ரி.பி. போன்ற மூலக்கூறுகளுக்கும், அவற்றிலிருந்து வெல்லத்துக்கும் மாறி, மாப்பொருளாக நெல்மணியில் சேர்கிறது. சோறாக நாம் உண்ணும்போது கலச்சுவாசம் அந்த வெல்லத்தை உடைத்து மீண்டும் ஏ.ரி.பி.யை ஆக்குகிறது. ஒரு மூல் ஏ.ரி.பி. நீர்ப்பகுப்படைகையில் நியம நிலையில் ஏறத்தாழ 30.5 கிலோயூல் சக்தி வெளிவரும். நாம் எழுதுவதும் நடப்பதும் இந்தச் செலவில்தான். ஒரு பகுதி சக்தி வெப்பமாகப் போகிறது, எதுவும் அழிவதில்லை.

ஹாவாட்டில் நிரந்தரப் பதவி கிடைக்காததால் 1940 இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவரது குழுவினர் போலிக் அமிலத்தைத் தொகுத்தார்கள். அண்ணனைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அது மருந்தானது. யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் மருந்தும் அங்கிருந்தே வந்தது. 2016 இல் இலங்கை அந்நோயை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டதில் அம்மருந்துக்கும் பங்குண்டு.

1948 ஓகஸ்டில், 53 ஆவது வயதில் நியூயோர்க்கில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

பரீட்சைப் பெறுபேறு ஒன்றோடு பிள்ளையின் எதிர்காலத்தை முடித்துவிடும் பெற்றோரும், முதல் தோல்வியிலேயே துவண்டுவிடும் மாணவியரும் இவரது வாழ்க்கையை அறிவது நல்லது. மூன்றாம் தடவையும் பரீட்சை எழுத மகனை அனுப்பிய அந்தத் தாயையும் மறக்கலாகாது.