மார்லியின் சடைமுடி

அய்யலூர் வியாழச் சந்தையில் பாப் மார்லியின் முகம் பதித்த பனியன் அணிந்த இளைஞர்களைக் காண்கிறோம். அந்தச் சடையின் வரலாறு பனியனில் இல்லை.

1945இல் ஜமைக்காவின் நைன் மைல் சிற்றூரில் பிறந்த மார்லி, கிங்ஸ்டனின் டிரெஞ்ச் டவுன் சேரியில் வளர்ந்தார். அவருக்குப் பதினெட்டு வயதான 1963இல், கோரல் கார்டன்ஸ் மோதலை அடுத்து, சடையை நோன்பாகக் கொண்ட ராஸ்தபாரி மக்களைக் காவல்துறை சிறைப்பிடித்தது. பலரின் சடைகளை வலுக்கட்டாயமாக மழித்தது. சில ஆண்டுகளில் மார்லி அதே நெறியை ஏற்றுச் சடை வளர்த்தார்.

சுருள்முடியைச் சீவாது விட்டால் தானே திரிந்து சடையாகும். அதை அழுக்கு என்பது அவதூறு. அலசி, ஈரம் தங்காமல் உலர்த்தி, வேரருகே புதிதாய் வளர்வதை உள்ளங்கையால் திரித்துவிட வேண்டும். ஆண்டுக்கணக்கான உழைப்பு அது. முடிதிருத்தகத்தில் நாற்காலி மறுக்கப்பட்ட நம் மக்களுக்கு அந்த அவதூறின் பிறப்பிடத்தை விளக்க வேண்டியதில்லை.

புற்றுநோயின்போது சடைகளை இழந்த மார்லி, 1981 மே 11 அன்று 36 வயதில் மயாமியில் மறைந்தார். கோரல் கார்டன்ஸ் கொடுமைக்கு ஜமைக்க அரசு மன்னிப்புக் கேட்டது 2017இல். நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வலுக்கட்டாய மொட்டையடிப்பை, மீசை மழிப்பைப் பெயர் சுட்டிக் குற்றமாக்கியது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். முதல் தகவல் அறிக்கை கைக்கு வந்ததும் அந்தப் பிரிவு விடுபட்டுள்ளதா என்றே முதலில் பார்க்கிறோம்.