காது கேளாதவர் தந்த பாட்டம்

மடத்துவெளியில் அம்மம்மா வீட்டில் விடுமுறை முழுவதும் ‘ஃபியூர் எலீஸ்’ பழகினேன். தொடக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டை, அருகே ஒரு கறுப்புக் கட்டை, மாறி மாறி. அதிலேயே விரல் தடுக்கியது.

இதை இயற்றிய பீத்தோவன் 1770இல் ஜெர்மனியின் பொன் நகரில் பிறந்தவர். முதல் ஆசான் தந்தை, மிகக் கண்டிப்பானவர். வியன்னாவில் பியானோவால் பேரெடுத்த வேளையில், முப்பது வயதாகுமுன்பே, காது மந்தமானது. பியானோக்காரனுக்குக் காது போனால் என்ன மிச்சம்? 1802இல் சாவை எண்ணித் தம்பிமாருக்குக் கடிதம் எழுதினார், அனுப்பவில்லை. மனதிலிருந்த இசையை முடிக்காமல் போக அவருக்கு மனம் வரவில்லை.

எட்டு ஆண்டுகளின் பின் பிறந்தது இந்தச் சிறு பாட்டம். 1827இல் அவர் மறைந்தார், அச்சேறியதோ 1867இல். எலீஸ் யாரென்பது இன்றும் வழக்குத்தான்.

ஒருநாள் கீபோர்டின் சத்தத்தை முற்றாகக் குறைத்துவிட்டு வாசித்தேன். கரண்ட் போய்விட்டதோ என்று அம்மம்மா எட்டிப் பார்த்தார்.