தசைக்கு ஆற்றல் தரும் பொருளைக் கண்டறிந்தவர்

அச்சம் ஏற்படும்போது நம் முகம் வெளிறிப் போகிறது. அப்போது சுரக்கும் அட்ரினலின் எனும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, தோலிலுள்ள சிறிய இரத்தக்குழாய்களை அடைகிறது. அவற்றின் சுவரிலுள்ள தசை உயிரணுக்களுக்குள் கால்சியத்தின் அளவு கூடுகிறது. தசை சுருங்குவதால் குழாய் குறுகுகிறது. இரத்த ஓட்டம் குறைகிறது. உயிரணுவிலிருந்து கால்சியம் அகற்றப்பட்டதும் தசை தளர்கிறது. தசை சுருங்கவும் கால்சியத்தை அகற்றவும் ஆற்றல் தேவை. அந்த ஆற்றலைத் தரும் பொருள் ஏடிபி. அதனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரம் எனும் ஊரில் பிறந்தார். குடும்பத்தை வறுமை வாட்டியது. பதின்மூன்று வயதில், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என எண்ணிக் காசிக்குப் புறப்பட்டார். அவருடைய தாயார் அவரைத் திரும்ப அழைத்து வந்து பள்ளியில் சேர்த்தார். சுப்பாராவ் மெட்ரிக்குலேசன் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். சென்னை திருவல்லிக்கேணியிலுள்ள இந்து உயர்நிலைப்பள்ளியில் பயின்று, மூன்றாம் முறை வெற்றி பெற்றார்.

பின்னர், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவ வகுப்புக்கும் கதராடை அணிந்து சென்றார். இது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முடிவில், பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. 1921ஆம் ஆண்டில் மற்றொரு பேரிடி விழுந்தது. அவருடைய உடன்பிறந்தோர் இருவர், ஸ்ப்ரூ எனும் குடல்நோயால் சில நாள் இடைவெளியில் இறந்தனர். அந்நோய்க்கு அன்று மருந்தில்லை. மருந்து காண வேண்டும் எனும் வேட்கை அவருள் வேரூன்றியது.

உறவினரும் நண்பர்களும் அளித்த பொருளுதவியுடன் அவர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். செலவுக்குப் பணம் போதாததால் மருத்துவமனை ஒன்றில் இரவுநேர ஊழியராக வேலை செய்தார். சைரஸ் பிஸ்க் எனும் அறிவியலாளருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவை நீலநிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அறியும் முறையை உருவாக்கினார். 1925ஆம் ஆண்டில் வெளியான அம்முறை இருவர் பெயராலும் அழைக்கப்படுகிறது.

அம்முறையே அடுத்த கண்டுபிடிப்புகளுக்கு வழிவகுத்தது. தசையை ஆராய்ந்த இருவரும் 1927ஆம் ஆண்டில் பாஸ்போகிரியேட்டின் எனும் பொருளையும் 1929ஆம் ஆண்டில் ஏடிபியையும் கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் லோமன் என்பவரும் தனியாக ஆராய்ந்து ஏடிபியைக் கண்டறிந்திருந்தார். லாக்டிக் அமிலம் உண்டாவதே தசை சுருங்கக் காரணம் எனும் அன்றைய கருத்து இதனால் ஆட்டம் கண்டது. இத்தனை சாதித்தும் சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டவில்லை.

அவர் மனம் தளரவில்லை. 1940ஆம் ஆண்டில் லெடர்லே எனும் மருந்து நிறுவனத்தில் சேர்ந்து ஆய்வுக்குழுவை வழிநடத்தினார். அக்குழு 1945ஆம் ஆண்டில் போலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உடன்பிறந்தோரைப் பறித்த ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்த அமினோப்டெரின், யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் ஆகியனவும் அங்குத்தான் உருவாயின. ஹெட்ரசானில் உள்ள மருந்து மலேசியாவிலும் யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டத்தில் வழங்கப்பட்டது.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தமது 53ஆம் வயதில், சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை. கண்டுபிடிப்புகளுக்கான புகழைத் தேடி அவரும் அலையவில்லை. 1995ஆம் ஆண்டில், அவரது நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. இருமுறை தேர்வில் தோற்ற சிறுவன், பல உயிர்களைக் காக்கும் மருந்துகளுக்கு வித்திட்ட அறிஞராக உயர்ந்தது விடாமுயற்சியின் பயனே ஆகும்.