கறை துடைத்த முட்சு முனெமிட்சு

1886இல் நார்மன்டன் என்னும் பிரிட்டிஷ் கப்பல் ஜப்பானியக் கடலோரத்தில் மூழ்கியது. கப்பல் தலைவரும் ஐரோப்பிய மாலுமிகளும் படகேறித் தப்பினர்; ஜப்பானியப் பயணிகள் 25 பேரும் மாண்டனர். கோபே நகரில் கூடிய பிரிட்டிஷ் தூதரக விசாரணை, தலைவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. மக்கள் கொதித்தெழுந்த பின்னரே அவருக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. ஜப்பானிய நீதிமன்றம் அவரை விசாரிக்க இயலாது. 1858ஆம் ஆண்டின் ஒப்பந்தங்கள் அவ்வாறு கட்டியிருந்தன. சுங்கவரியை உயர்த்தும் உரிமையும் அந்நாட்டுக்கு இல்லை.

இக்கறையைத் துடைக்க முயன்ற அமைச்சர்கள் பலர் தோற்றனர். அந்நிய நீதிபதிகளை ஏற்க இசைந்த ஒகுமா, 1889இல் வெடிகுண்டுக்குத் தம் காலை இழந்தார்.

1844இல் வாகயாமாவில் பிறந்த முட்சு, அரசைக் கவிழ்க்கும் சதியில் கூடி 1878இல் சிறை புகுந்தவர். அங்கே பெந்தாமின் நூலை மொழிபெயர்த்தார். அவரையே அரசு பின்னர் தூதராக்கியது வியப்பன்றோ! 1888இல் மெக்சிக்கோவுடன் சமநிலை உடன்படிக்கை கண்டார். 1892இல் வெளியுறவு அமைச்சரானதும், எல்லா வல்லரசுகளையும் ஒருங்கே அழைக்காமல் பிரிட்டனைத் தனியே அணுகினார். உருசியாவை எண்ணி அஞ்சிய பிரிட்டன் இணங்கியது. உள்நாட்டு எதிர்ப்போ அதனினும் கடுமை, நாடாளுமன்றமே கலைக்கப்பட்டது. 1894 ஜூலை 16 அன்று இலண்டனில் தூதர் அவோகி கையொப்பமிட்டார். பிற நாடுகளும் பின்தொடர்ந்தன.

ஆயினும் இதே ஜப்பான், 1876இல் கொரியாவின்மீது அத்தகைய ஒப்பந்தத்தையே சுமத்தியிருந்தது. இதனை நாம் மறத்தற்கில்லை.

தூதரக நீதிமன்றங்கள் 1899இல் மூடப்பட்டன. காசநோயுற்ற முட்சு 1897லேயே மறைந்துவிட்டார். சுங்கவரி உரிமை 1911இல்தான் முழுமையாக மீண்டது.